கண் இருந்தால் முளைக்கும்

பெங்களூரில் ஜெயநகர் பக்கம் ஒரு வீடு. வீட்டின் முன்னால் சின்னத் தோட்டம். அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தமிழ்ப் பெண். தினமும் காலையில் வருவார். செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். களை எடுப்பார். இதேபோல் மூன்று வீடுகளில் அவருக்குத் தோட்ட வேலை.

அந்த வீட்டில் டேலியாச் செடிகள் இருந்தன. சில பூக்கள் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா எனப் பல நிறம். தை மாதத்தில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாசி மாதம் பூப்பது நின்றது. இலை பழுத்தது. தண்டு காய்ந்தது. செடியை அப்படியே விட்டுவிட்டார் அந்தப் பெண். மற்ற செடிகளுக்கு ஊற்றும்போது அதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றினார். மே மாதம் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதம் மண்ணைக் கொத்திப் பார்த்தார். உள்ளே கிழங்கு எல்லாம் கூழாகிக் கிடந்தது. கெட்ட நாற்றம் அடித்தது.

வீட்டு அம்மா வருத்தப்பட்டார். காசு கொடுத்துப் புதுக் கிழங்கு வாங்கினார்.

அடுத்த வருடம் இன்னொரு கதை. வீட்டு அம்மா கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். அதில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் நவம்பர் மாதம் டேலியாக் கிழங்கைத் தோண்டி எடுத்தார். பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். "நாமும் இப்பவே தோண்டிடலாம்" என்றார் வீட்டு அம்மா. அப்போது செடியில் மொட்டு வந்திருந்தது. ஆனாலும் தோண்டினார்கள். மொட்டு வீணானது. கிழங்கும் முற்றவில்லை. விரல் பருமன்கூட இல்லை. அதைக் கழுவி, ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினார்கள். ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

இரண்டு வருடம். இரண்டு நஷ்டம். வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்தது. "மறுபடியும் இப்படி ஆனா, வேற ஆள்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கவலை பிடித்தது. ஒரு வீட்டு வேலை போனால் மாதச் செலவில் துண்டு விழும். அவர் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்றுப் பண்ணையில் வெகு காலம் வேலை செய்தவர். அவரிடம் போய்ச் சொன்னார்.

"மாமா, ரெண்டு வருஷமா ஒரு கிழங்குகூட மிஞ்சல. என்ன தப்பு பண்றேன்னு தெரியல."

பெரியவர் முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்.

"முதல் வருஷம் தண்ணி கெடுத்துச்சு. ரெண்டாவது வருஷம் அவசரம் கெடுத்துச்சு. உன் கை மேல தப்பு இல்லம்மா. அந்தக் கிழங்கு எந்த ஊர்க் கிழங்கு, எப்ப தூங்கும், எப்ப முழிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்."

அவர் சொன்னதை நாமும் தெரிந்துகொள்வோம்.

எந்த ஊர்ச் செடி?

டேலியா நம் நாட்டுச் செடி இல்லை. அதன் சொந்த ஊர் மெக்சிகோ நாடு. அது அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. அங்கே மலைப்பகுதிகளில் டேலியா காட்டுச் செடியாக வளர்கிறது. அந்த நாட்டின் பழங்குடி மக்கள் அதன் கிழங்கை உணவாகவும் சாப்பிட்டார்கள்.

1789-ல் மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் நாட்டுக்கு இந்தச் செடி போனது. அங்கே மாட்ரிட் நகரத் தோட்டத்தில் வளர்த்தார்கள். 1791-ல் அதற்கு டேலியா என்று பெயர் வைத்தார்கள். ஆந்த்ரேஸ் டால் என்று ஒரு தாவர அறிஞர் இருந்தார். அவர் சுவீடன் நாட்டுக்காரர். அவர் நினைவாக வைத்த பெயர் அது. 1963-ல் மெக்சிகோ அரசு டேலியாவைத் தன் தேசியப் பூவாக அறிவித்தது.

கர்நாடகத்தில் இந்தப் பூவை டேரே என்று கன்னடத்தில் சொல்வார்கள்.

பெங்களூர் லால்பாக் தோட்டம் நம்மில் பலருக்குத் தெரியும். 1760-ல் ஐதர் அலி தொடங்கிய தோட்டம் அது. அங்கே ஒரு கண்ணாடி மாளிகை இருக்கிறது. அதற்கு 1889-ல் அடிக்கல் நாட்டினார்கள். வருடத்துக்கு இரண்டு முறை அங்கே மலர்க் கண்காட்சி நடக்கிறது. ஒன்று குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில். இன்னொன்று சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்டில். ஜனவரிக் குளிர், டேலியா நன்றாகப் பூக்கும் காலம்.

கிழங்கு எதற்கு?

மெக்சிகோவின் மலைப்பகுதியில் சில மாதம் நல்ல மழை. சில மாதம் மழையே இல்லை. மழைக் காலத்தில் டேலியா தழைக்கும், பூக்கும். அப்போதே மண்ணுக்குள் கிழங்கில் உணவைச் சேர்த்து வைக்கும். மழை நின்றதும் மேலே உள்ள செடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் காய்ந்த மண்ணில் தூங்கும். மறுபடி மழை வந்ததும் முளைக்கும்.

நாம் நல்ல காலத்தில் நாலு காசு சேர்த்து வைக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆகவே ஒன்றை மறக்கக்கூடாது. மேலே செடி காய்ந்தால் டேலியா சாகவில்லை. அது தூங்குகிறது. தூங்கும்போது அதற்கு இலை இல்லை. இலை இல்லாததால் தண்ணீரை இழுத்துச் செலவு செய்ய முடியாது. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? கிழங்கு ஈரத்திலேயே கிடக்கும். பூஞ்சணம் தாக்கும். அழுகும். முதல் வருடம் நடந்தது இதுதான்.

குளிர் ஊரில் ஒரு கணக்கு, நம் ஊரில் ஒரு கணக்கு

இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் நவம்பர் வாக்கில் உறைபனி விழும். சில நாள் தண்ணீரே கட்டியாகிவிடும். டேலியாக் கிழங்கில் நீர் அதிகம். அது உறைந்தால் கிழங்கு செத்துவிடும். அந்த ஊர் மக்கள் ஊருக்கு ஓரத்தில் சிறு நிலத்தை வாடகைக்கு எடுத்து, காய்கறியும் பூவும் வளர்ப்பார்கள். முதல் உறைபனியில் டேலியா இலை கறுத்ததும் கிழங்கைத் தோண்டுவார்கள். குளிர் தாக்காத அறையில் வைப்பார்கள். மே மாதம் பனி நின்ற பிறகு மறுபடி நடுவார்கள்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இதமான குளிர் உண்டு. ஆனால் தண்ணீரைக் கட்டியாக்கும் குளிர் இல்லை. ஆகவே நவம்பரில் இங்கே கிழங்கைத் தோண்டக்கூடாது. அது செடி வளர்ந்து பூக்கிற நேரம்.

நம் ஊரில் கிழங்குக்கு எதிரி குளிர் இல்லை. ஈரம்தான் எதிரி. பெங்களூரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை கொட்டும். பிறகு பருவ மழை. அது அக்டோபர் வரை விட்டு விட்டுப் பெய்யும். செம்மண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு மூச்சு முட்டி அழுகும்.

தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில் சில கிழங்குகள் பிழைத்துத் தானாக முளைப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. தோண்டி எடுத்து வைப்பதே நல்லது.

"வீடியோ பொய் இல்லம்மா. அது அவங்க ஊருக்குச் சரி. நம்ம ஊருக்கு நம்ம மழையப் பாத்துத்தான் செய்யணும்" என்றார் பெரியவர்.

கண் எங்கே இருக்கிறது?

உருளைக்கிழங்கு நமக்குத் தெரியும். அதன் மேல் எல்லாப் பக்கமும் கண் இருக்கும். துண்டு போட்டு நட்டாலும் கண் உள்ள துண்டு முளைக்கும்.

டேலியா அப்படி இல்லை. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. டேலியாக் கிழங்கு பருத்த வேர். வேரின் உடம்பில் கண் கிடையாது. வாழைச் சீப்பில் பழங்கள் சேர்ந்திருப்பதுபோல, டேலியாத் தண்டின் அடியில் பல கிழங்குகள் சேர்ந்திருக்கும். தண்டின் அடியும் கிழங்கின் கழுத்தும் சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் கண் இருக்கும். சிறு பரு மாதிரித் தெரியும்.

கழுத்து ஒடிந்து தனியாக விழுந்த கிழங்கு முளைக்காது. அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் முளைக்காது. கண் உள்ள சின்னக் கிழங்கு முளைக்கும். அது விரல் பருமன் இருந்தாலே போதும். ஆனால் நன்கு முற்றியிருக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். பெரிய கிழங்கு என்று ஏமாறக்கூடாது. கழுத்தும் கண்ணும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

பூ இருக்கும்போதே எழுதி வை

பெரியவர் முதலில் சொன்ன வேலை தோண்டுவது இல்லை. எழுதுவது.

"செடியில பூ இருக்கும்போதே நிறத்த எழுதிக் கட்டிடு. காஞ்ச பிறகு எல்லாக் கிழங்கும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். சிவப்பு எது, வெள்ளை எதுன்னு எனக்கே தெரியாது."

அந்தப் பெண் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. கையெழுத்துப் போடுவார். பஸ் பலகை படிப்பார். வேலைக்காக எதையும் எழுதியது இல்லை. பழைய பிளாஸ்டிக் டப்பாவை நீளமான துண்டுகளாக வெட்டினார். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டார். பென்சிலால் எழுதினார்.

"சிவப்பு. பெரிய பூ."

"மஞ்சள். சின்னப் பூ."

ஒவ்வொரு செடியின் அடித்தண்டிலும் ஒரு துண்டைச் சணல் கயிற்றால் கட்டினார்.

பேனா மை தண்ணீர் பட்டால் கரையும். வெயிலில் வெளுக்கும். பென்சில் எழுத்து அப்படிச் சீக்கிரம் அழியாது. ஆகவே பென்சில் நல்லது.

நோய் கண்ட செடியையும் இந்த நேரத்திலேயே அடையாளம் காண வேண்டும். சில செடியில் இலை மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கும். செடி வளராமல் குட்டையாகவே நிற்கும். இது வைரஸ் நோயாக இருக்கலாம். இதற்கு மருந்து இல்லை. நோய் கிழங்கிலும் இருக்கும். அசுவினிப் பூச்சி மூலம் மற்ற செடிக்கும் பரவும். அந்தச் செடியின் கிழங்கை எடுத்து வைக்க வேண்டாம். பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும்.

எப்போது தோண்டுவது?

புரட்டாசியில் நட்ட செடி மார்கழி, தை மாதங்களில் பூக்கும். மாசியில் ஓயும். பூ ஓய்ந்து இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். தினமும் ஊற்றியதை மூன்று நாளுக்கு ஒரு முறை ஆக்க வேண்டும். பிறகு அடியோடு நிறுத்த வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் செடி காய்ந்துவிடும். இந்தக் காலத்தில்தான் கிழங்கு முற்றுகிறது. தோல் தடிக்கிறது.

பெங்களூரில் தோட்ட வேலைக்குப் பேர் போனவர்கள் திகளர் சமூகத்தார். தர்மராயர் கோவிலில் அவர்கள் நடத்தும் கரகத் திருவிழா மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு பௌர்ணமியில் வரும். நகரமே கூடும். அந்தக் கரகத்தை நாம் ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். கரகம் வருவதற்கு முன் டேலியாக் கிழங்கு மண்ணை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கோடை மழை பிடிக்கும் முன் வேலை முடிந்துவிடும்.

எப்படித் தோண்டுவது?

1. காய்ந்த தண்டை அரை அடி விட்டு வெட்ட வேண்டும். எழுதிக் கட்டிய துண்டு அடித்தண்டிலேயே இருக்கட்டும்.

2. வெட்டிய பிறகு சுமார் ஒரு வாரம் அப்படியே விடலாம். அதற்குள் கண் கொஞ்சம் பருக்கும். பார்க்க எளிதாக இருக்கும். டேலியாத் தண்டு உள்ளே குழலாக இருக்கும். மழை வந்தால் அதில் தண்ணீர் இறங்கிக் கழுத்தை அழுக்கும். ஆகவே தண்டின் மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

3. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைக் கொத்த வேண்டும். பக்கத்தில் கொத்தினால் கிழங்கு வெட்டுப்படும்.

4. தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுத்தால் கழுத்து ஒடியும். கடப்பாரையை அடியில் கொடுத்து மெதுவாக நெம்ப வேண்டும். பிறகு இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுக்க வேண்டும். பிறந்த குழந்தையைத் தூக்கும்போது கழுத்தைத் தாங்குகிறோம். அதே கவனம் இதற்கும் வேண்டும்.

5. தொட்டியில் உள்ள செடி என்றால், தொட்டியைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். மெல்லத் தட்டி மண்ணோடு வெளியே எடுக்க வேண்டும்.

6. ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்க்க வேண்டும். களிமண் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் லேசாகக் கழுவலாம்.

நிழலில் உலர்த்துவது

தோண்டிய கிழங்கைத் தலைகீழாக வைக்க வேண்டும். தண்டு கீழே, கிழங்கு மேலே. தண்டுக் குழலில் உள்ள தண்ணீர் வடிந்துவிடும். சாக்கு மேல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் நான்கைந்து நாள் வைக்க வேண்டும்.

வெயிலில் காய வைக்கக்கூடாது. மிளகாய் காய வைப்பதுபோல் வைத்தால் கிழங்கு சுருங்கிப் போகும். உள்ளே உள்ள நீர் போனால் முளைக்கும் சக்தியும் போகும். மேல் தோல் மட்டும் உலர்ந்தால் போதும்.

உலர்ந்ததும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கொழகொழ என்று இருக்கும் பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் கந்தகத் தூள் தூவலாம். கந்தகத்தைக் கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேறு மருந்து வாங்கினால், உறையில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே உபயோகிக்க வேண்டும். மருந்து போட்ட கிழங்கைக் குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடாது. யாரும் தின்னக்கூடாது.

எங்கே வைப்பது?

மண் பானை, மரப்பெட்டி, ஓட்டை உள்ள கூடை ஆகியவை நல்லவை. மூடிய பிளாஸ்டிக் டப்பா கூடாது. கிழங்கும் மூச்சு விடும். அந்த ஈரம் டப்பாவுக்குள் வேர்த்து நிற்கும். பூஞ்சணம் வரும். இரண்டாவது வருடம் நடந்தது இதுதான்.

பானை அடியில் காய்ந்த மணலை நான்கு விரல் உயரம் பரப்ப வேண்டும். மணல் இல்லை என்றால் காய்ந்த தேங்காய் நார்த்தூள் அல்லது மரத்தூள் போடலாம். அதன் மேல் கிழங்குக் கொத்தை வைக்க வேண்டும். ஒன்றை ஒன்று தொடக்கூடாது. தொட்டால் ஒன்றின் அழுகல் இன்னொன்றுக்குப் பரவும். மேலே மறுபடி மணல் போட்டு மூட வேண்டும். எழுதிய துண்டு வெளியே தெரியும்படி இருக்கட்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரிலும் வெயில் கடுமை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் தகரக் கூரைக்கும் அடியில் பரண் சூடாக இருக்கும். அங்கே வைக்கக்கூடாது. அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். வீட்டுக்குள் தரையில், இருட்டான குளிர்ந்த மூலை நல்லது. மாடிப்படியின் அடியிலும் வைக்கலாம். எலி வராமல் மேலே கம்பி வலை போட்டுக் கல் வைக்க வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை

எடுத்து வைத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

அழுகல் இருந்தால் அந்தக் கிழங்கை உடனே எடுத்துவிட வேண்டும். அதைச் சுற்றியுள்ள மணலையும் மாற்ற வேண்டும்.

கிழங்கு ரொம்பச் சுருங்கி இருந்தால் மணல் மேல் கையால் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஊற்றக்கூடாது. மணலைப் பிடித்தால் கையில் ஒட்டக்கூடாது. அந்த அளவு போதும்.

சில கிழங்கு ஜூன் மாதமே முளை விடும். ஈரக் காற்று அதை எழுப்பிவிடும். முளையைக் கிள்ளி எறிய வேண்டாம். அடியில் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் நட வேண்டும். மழை நேராகப் படாத, வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும்.

எழுப்புவது, பிரிப்பது, நடுவது

ஆகஸ்ட் கடைசியில் கிழங்குகளை வெளியே எடுக்கலாம். லேசான ஈரம் உள்ள மணலிலோ நார்த்தூளிலோ பாதி புதைத்து வைக்க வேண்டும். கழுத்து மேலே தெரிய வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் கண்ணில் முளை எட்டிப் பார்க்கும்.

புதிதாகச் செய்கிறவர்கள் கொத்தை இப்போது பிரிப்பதே நல்லது. முளை தெரிவதால் தவறு நடக்காது. கூர்மையான கத்தியால் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் மூன்று பொருள் இருக்க வேண்டும். ஒரு கிழங்கு, அதன் கழுத்து, ஒரு கண். இந்த மூன்றும் சேர்ந்த பங்குதான் செடியாகும். ஒரு கொத்து முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த கொத்தைத் தொட வேண்டும். வெட்டுக்காயம் ஒரு நாள் நிழலில் உலரட்டும்.

செப்டம்பர், அக்டோபரிலும் பெங்களூரில் நல்ல மழை உண்டு. ஆகவே மேட்டுப் பாத்தியில் நட வேண்டும். தொட்டி என்றால் ஓட்டை அடைபடாமல் பார்க்க வேண்டும். வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். முதலில் குச்சியை ஊன்ற வேண்டும். பிறகே கிழங்கை நட வேண்டும். நட்ட பிறகு குச்சி ஊன்றினால் அது கிழங்கைக் குத்திவிடும். கிழங்கைப் படுக்க வைத்து, முளை மேலே பார்க்கும்படி, நான்கைந்து அங்குல ஆழத்தில் நட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடம் வேண்டும். முளை மண்ணுக்கு மேலே வரும் வரை தண்ணீர் குறைவாகவே விட வேண்டும்.

அந்தப் பெண் என்ன செய்தார்?

அந்த வருடம் அவர் ஆறு கொத்து எடுத்து வைத்தார். பானை இருந்தது வீட்டு அம்மாவின் மாடிப்படி அடியில். காலண்டரில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வட்டம் போட்டு வைத்தார். வட்டம் போட்ட நாளில் பானையைத் திறந்து பார்த்தார். மே மாதம் ஒரு கொத்து அழுகி இருந்தது. அதை எடுத்து எறிந்தார். மற்ற ஐந்தும் தப்பின.

செப்டம்பரில் ஐந்து கொத்திலும் முளை வந்தது. பிரித்துப் பார்த்தார். பதினான்கு பங்கு கிடைத்தது. ஒரு பெரிய கிழங்கு மட்டும் கழுத்து ஒடிந்து தனியாக இருந்தது. வீட்டு அம்மா அதைக் கையில் எடுத்தார்.

"இதுதான் எல்லாத்தையும்விடப் பெருசா இருக்கு. இத நடு."

"அதுல கண் இல்லம்மா. முளைக்காது" என்றார் அந்தப் பெண்.

வீட்டு அம்மா நம்பவில்லை. அதையும் ஒரு தொட்டியில் நட்டார்கள். பதினான்கு பங்கும் முளைத்தன. அந்தப் பெரிய கிழங்கு முளைக்கவே இல்லை.

தோட்டத்துக்கு ஆறு செடி போதும். பதினான்கில் ஆறு போக மீதி எட்டு. "நீயே எடுத்துட்டுப் போ" என்றார் வீட்டு அம்மா. அந்தப் பெண் பழைய பெயின்ட் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டார். எட்டுச் செடியையும் தன் வீட்டு வாசலில் வளர்த்தார். மொட்டு வந்ததும் ஐந்தை விற்றார். மூன்றைக் கிழங்குக்காக வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. ஒரு கொத்தின் எழுதிய துண்டு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அது என்ன நிறம் என்று யாருக்கும் தெரியவில்லை. வாங்க வந்த ஒருவர் சிவப்புதான் வேண்டும் என்றார். "இது என்ன நிறம்னு தெரியாதுங்க. பூத்ததும் வாங்க" என்று உண்மையைச் சொன்னார் அந்தப் பெண். ஜனவரியில் அது பூத்தது. ஊதா நிறம்.

அன்றைக்கே அவர் ஒரு துண்டில் "ஊதா. பெரிய பூ" என்று எழுதினார். இந்த முறை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

நினைவில் வைப்போம்

செடி காய்ந்தால் தண்ணீரை நிறுத்து.

பூ இருக்கும்போதே நிறத்தை எழுதிக் கட்டு.

கோடை மழைக்கு முன் தோண்டு.

கழுத்தை ஒடிக்காதே. கண் அங்கேதான் இருக்கிறது.

நிழலில் உலர்த்து. காய்ந்த மணலில் வை.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை திறந்து பார்.

யோசித்துப் பதில் எழுதுவோம்

1. டேலியாவின் சொந்த நாடு எது?

2. நவம்பரில் பெங்களூரில் கிழங்கைத் தோண்டக்கூடாது. ஏன்?

3. உருளைக்கிழங்கின் கண்ணும் டேலியாவின் கண்ணும் இருக்கும் இடத்தில் என்ன வித்தியாசம்?

4. நான்கு கொத்து இருக்கிறது. ஒரு கொத்துக்கு மூன்று பங்கு. மொத்தம் எத்தனை செடி கிடைக்கும்?

5. உங்கள் வீட்டிலோ வேலை இடத்திலோ எந்தெந்தப் பொருளுக்குப் பெயர் எழுதி வைக்கலாம்? ஐந்து பெயர்களை எழுதுங்கள்.